மறு: சாய்வரித்தசையா, சுருள்வரித்தசையா?

> சுருள்வரித்தசை என்றே வைத்துவிடலாமே. பழைய பெயரும் அதுதானே?

வணக்கம். மண்புழு, கணவாய் போன்றவற்றின் தசையை நுண்ணோக்கியில் பார்த்தால் வரிகள் குறுக்கே விழாமல் சாய்ந்து தெரியும். அந்தத் தசைக்கு (obliquely striated muscle) எந்தத் தமிழ்ப் பெயர் என்பதுதானே கேள்வி?

சுருள் எனக்கும் முதலில் பிடித்துத்தான் இருந்தது. கணவாயின் மேலுறைத் தசைச் செல்லில் நடுவே இழைமணிகள் (மைட்டோகாண்ட்ரியா), சுற்றிலும் சுருங்கும் இழைகள். அங்கே வரி திருகாணியின் மரைபோல ஏறுகிறது. ஆனால் சில உருளைப்புழுக்களில் சுருங்கும் பகுதி செல்லின் ஒரு பக்கத்தில் மட்டும் தட்டையாகக் கிடக்கிறது. அங்கே வரி எதைச் சுற்றிச் சுருளும்?

"சாய்தசை" போதும் என்றவருக்கு: சாய்வது தசையும் அல்ல, இழையும் அல்ல. சுருங்குவதற்கு உதவும் புரதமான மயோசினின் இழைகள் செல்லின் நீளவாக்கில் நேராகத்தான் நிற்கின்றன. நம் கைத்தசையில் அவை ஒரே வரிசையில் நிற்பதால் வரி குறுக்கே விழுகிறது. மண்புழுவில் ஒவ்வொன்றும் பக்கத்து இழையைவிடச் சற்றுத் தள்ளி நிற்பதால் வரி சாய்கிறது. ஆகவே சாய்வரித்தசை. தசை சுருங்கச் சுருங்க, செல்லின் நீளவாக்கோடு அந்த வரி ஆக்கும் கோணமும் கூடும். "சாய்வரி" வினைத்தொகை என்பதால் சாய்ந்த, சாய்கிற, சாயும் மூன்றும் உள்ளே அடங்கிவிடுகின்றன. சாய்ந்தவரித்தசை என்று விரித்தால் அது போய்விடும். (வரி என்றால் வருமான வரி நினைவுக்கு வருகிறதாம். வரிப்புலிக்கு அந்தச் சிக்கல் வரவில்லையே!)

கடல் புழுக்களின் குடம்பிகளுக்கு (லார்வாக்களுக்கு) வந்தால் கவனம் வேண்டும். மின்னணு நுண்ணோக்கிக்காக ஒரு சாய்வரிச் செல்லை நீளவாக்கில் ஒரு தளத்தில் வெட்டினால் சாய்ந்த வரி தெரியும். அதற்குச் செங்குத்தான இன்னொரு நீளவெட்டில் அச்சு அசல் குறுக்குவரித்தசைதான். போதாக்குறைக்கு, குடம்பியின் செல் இன்னும் வளர்ந்துகொண்டிருப்பது. இழைகள் கொஞ்சமாக, ஒழுங்கில்லாமல் இருந்தால் வரியற்ற தசை என்றே எழுதிவிடுவோம். எனவே கலைச்சொல்லின் விளக்கத்தில் "ஒரு வெட்டை மட்டும் பார்த்து இப்பெயரை இட வேண்டாம்" என்று ஒரு வரி சேர்க்கலாம்.

அப்புறம், இசட் கோடு (Z line), அதாவது மெல்லிய ஆக்டின் இழைகள் பற்றி நிற்கும் இடம். குறுக்குவரித்தசையில் அது கோடுதான், சரி. சாய்வரித்தசையில் பெரும்பாலும் தனித்தனித் திட்டுகளாகக் கிடப்பதைக் கோடு என்று எப்படிச் சொல்வது? "அடர்திட்டு" என்பது என் பரிந்துரை. அடர்த்தி என்ற இயற்பியல் சொல்லோடு குழம்பும் என்று தோன்றினால், செறிதிட்டு.