பழைய ட்ரக் வாங்கப் போகிறேன், அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணாமார், தம்பிமார். கம்பனி வண்டியை விட்டுவிட்டுச் சொந்த ட்ரக் ஓட்டலாம் என்று இறங்கியிருக்கிறேன். கனடாவின் ஸ்காபரோவிலிருந்து அமெரிக்காவின் டெக்சஸ் வரை நெடுந்தூர ஓட்டம். இரண்டு வண்டிகள் மனதில் நிற்கின்றன: 14.8 லீட்டர் டிடி15 எஞ்சின் பூட்டிய 2019 ஃப்ரைட்லைனர் கஸ்கேடியா, 12.8 லீட்டர் டி13 எஞ்சினுடன் 2020 வால்வோ. இரண்டுமே பத்து இலட்சம் கிலோமீட்டரை நெருங்கியவை.

இதற்கு முன் பார்த்த வேறொன்றை அங்கேயே கைகழுவிவிட்டேன். பெயின்ட் பளபளத்தது, புகைக்குழாய்க்குள் விரலை விட்டால் கரி அப்பியது. புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒழுங்காக இருந்தால் அங்கே கரிக்கு என்ன வேலை? எஞ்சின் ஓடும்போது எண்ணெய் மூடியைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தேன், துள்ளி விழுந்தது; உள்ளே தேய்ந்து, எரிந்த வாயு பிஸ்டனைத் தாண்டிக் கசிகிறது என்பதற்கு அது அடையாளம். விற்பவரோ "பழைய வண்டி என்றால் அப்படித்தான்" என்றார்!

மீட்டரை மட்டும் நம்பி வாங்க எனக்கு மனமில்லை. பனிக்காலம் முழுக்க ஹீட்டருக்காக நின்ற இடத்திலேயே ஓடிய எஞ்சினின் தேய்மானம் கிலோமீட்டரில் தெரியாது. எஞ்சின் கணினியின் பதிவை எடுத்துப் பார்க்க வேண்டும். ரொறன்ரோப் பக்கம், விற்பவர்களோடு தொடர்பில்லாத மெக்கானிக் யாராவது இருக்கிறாரா? எண்ணெய் மாதிரியை ஆய்வுக்கு அனுப்பியவர்கள் அறிக்கையில் எதை முதலில் பார்த்தீர்கள்? புகை வடிகட்டி பழுதானால் சமாளிக்க எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும்? முற்பணத்துக்கு மனைவி இன்னும் சம்மதிக்கவில்லை, அதையும் மனதில் வைத்துத் தொகையைச் சொல்லுங்கள்.