அமெரிக்க கிரீன் கார்டு லாட்டரி: மதுரையில் பிறந்தவன் டர்பனிலிருந்து போடலாமா?

டர்பன்வாசி:
நான் பிறந்தது மதுரை, வீட்டுக்காரி பிறந்தது இங்கே டர்பனில், சாட்ஸ்வொர்த். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு லாட்டரி கிடையாது என்கிறார்கள். ஒரு ஏஜென்ட் நாலாயிரம் ராண்ட் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்கிறார். பையனுக்கு 19 வயது, அவனையும் சேர்க்கலாமா?

ஃபீனிக்ஸ் அக்கா:
தம்பி, அந்தக் காசை வைத்து வீட்டுக்கு மளிகை வாங்குங்க. அவர்கள் பார்ப்பது பாஸ்போர்ட்டை இல்லை, பிறந்த நாட்டை. மனைவி தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர் என்பதால் அவர் பேரில் போடலாம், அவர் பிறந்த நாட்டைக் காட்டி நீங்களும் தனியாக இன்னொன்று போடலாம். ஆளுக்கு ஒன்றுதான், இரண்டாவது போட்டால் எல்லாமே தள்ளுபடி. பையன் 21 வயதுக்குள், கல்யாணம் ஆகாதவன், அதனால் இரண்டு விண்ணப்பத்திலும் அவன் பேர் கட்டாயம் வரணும், விட்டுவிட்டால் பின்னால் குடும்பத்துக்கே விசா போய்விடும்.

பைனாப்பிள் பன்:
மெட்ரிக் (இங்கே 12-ஆம் வகுப்பு) பாஸ் இருந்தால் படிப்புத் தகுதி சரி. போட்டோவில் கண்ணாடி போடாதீங்க, ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்கணும். விண்ணப்பம் போட்டதும் வரும் உறுதி எண்ணைப் பத்திரமாக வையுங்க, ரிசல்ட்டை அதை வைத்து நீங்களேதான் பார்க்கணும். ‘செலக்ட் ஆகிட்டீங்க, பணம் அனுப்புங்க’ என்று மெயில் வந்தால் அது மோசடி. ஏஜென்ட் அந்த எண்ணை வைத்துக்கொண்டு பேரம் பேசுவது இங்கே சகஜம்.

டர்பன்வாசி:
நன்றி அக்கா. விழுந்தால் இன்டர்வியூ எங்கே?

ஃபீனிக்ஸ் அக்கா:
ஜோஹன்னஸ்பர்க். விழுந்த எல்லாருக்கும் விசா இல்லை, வருஷத்துக்கு 55,000 வரைதான், அதைவிட அதிகம் பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். வீட்டை விற்கிற பேச்சை இப்போதே எடுக்காதீங்க.