பார்ட் டைம் வேலையில் ஃபீஸ் கட்ட முடியுமா? ஜெர்மனி வரும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு

பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, ஜெர்மனியில பார்ட் டைம் பார்த்தே செலவையும் ஃபீஸையும் சமாளிச்சிடலாம்னு கன்சல்டன்சில சொல்றாங்க. நிஜமா?" இந்த மாதத்தில் இது நான்காவது முறை. ஊத்தங்கரை, அரூர், ஓசூர் என்று ஊர்தான் மாறுகிறது, கேள்வி மாறவில்லை. தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை, அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

வாடகை, சாப்பாடு, இன்சூரன்ஸ் இதற்கெல்லாம் பார்ட் டைம் போதும். ஆனால் வந்து இறங்கிய மாதத்திலிருந்தே போதும் என்று நினைக்காதீர்கள். ஃபீஸுக்குப் போதாது.

இங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் ஃபீஸே கிடையாது. செமஸ்டருக்கு நூறிலிருந்து நானூறு யூரோவுக்குள் ஒரு கட்டணம், பல ஊர்களில் பஸ், ரயில் பாஸும் அதற்குள்ளேயே வந்துவிடும். பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் மட்டும் நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களுக்கு 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் வாங்குகிறது. அப்படியென்றால் கன்சல்டன்சி எந்த ஃபீஸைப் பற்றிப் பேசுகிறது? பெரும்பாலும் தனியார் பல்கலைக்கழக ஃபீஸ். வருடத்துக்கு 10,000 யூரோ, அதற்கு மேலும் உண்டு. அங்கே சேர்த்துவிட்டால்தான் அவர்களுக்குக் கமிஷன். கேட்கிற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கணக்குப் போடுவோம். மாணவர் விசாவில் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம். 2024 மார்ச்சுக்கு முன்பு இது 120 நாள்தான். குறைந்தபட்சக் கூலி 2026 ஜனவரியிலிருந்து மணிக்கு 13.90 யூரோ. 140 நாள், எட்டு மணி நேரம் என்று ஒரு நாள்கூட விடாமல் உழைத்தால் வருடத்துக்கு 15,568 யூரோ. பென்ஷனுக்கு 9.3 சதவீதம் போகும், மாணவர் மருத்துவ இன்சூரன்ஸ் மாதம் 140 யூரோவை ஒட்டிப் போகும். மிச்சம் மாதத்துக்குச் சுமார் ஆயிரம் யூரோ. சின்ன ஊரில் சிக்கனமாக இருந்தால் வாடகை, சாப்பாடு, போன் எல்லாம் எழுநூறில் முடியும். கையில் நிற்பது முந்நூறு. வருடத்துக்கு 3,600. இதை வைத்து 10,000 ஃபீஸை எப்படிக் கட்டுவது? அதுவும் வேலை ஒரு நாளும் தட்டாமல் கிடைத்தால்தான் இந்தக் கணக்கே.

நான் காவேரிப்பட்டணம் பக்கம். 2023 அக்டோபரில் ஜெர்மனியின் மாக்டெபுர்க் நகரத்துக்கு வந்தேன். மாந்தோப்பை அடமானம் வைத்து வங்கியில் 12 லட்சம் கடன். வட்டி மட்டும் மாதம் பத்தாயிரம். படிக்கும்போது தவணை கட்ட வேண்டாம் என்பார்கள், ஆனால் வட்டி மீட்டர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். இதை எங்கள் வீட்டில் யாரும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை, நானும்தான்.

எனக்கு முதல் வேலை கிடைக்க நான்கு மாதம் ஆனது. ஜெர்மன் தெரியாது, அதனால் பேக்கரி, கஃபே எல்லாம் வாசலோடு சரி. பார்சல் பிரிக்கும் கிடங்கில் மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரை வேலை. கன்டெய்னர் கதவைத் திறந்தால் கூரை வரை அட்டைப் பெட்டி. மேலே இருப்பதை இழுத்தால் நான்கு தலையில் விழும். நாய்த் தீனி மூட்டை, கார் டயர், ஒயின் பாட்டில் என்று முப்பது கிலோ வரை வரும். லேபிள் மேலே தெரிகிற மாதிரி பெல்ட்டில் வைக்க வேண்டும். அட்டை விளிம்பு விரலிடுக்கில் கிழித்துக் கிழித்து, இரண்டாவது வாரம் குழம்பு சோறு பிசையும்போது எரிந்தது பாருங்கள், அன்றைக்குத்தான் கையுறை வாங்கினேன்.

அப்புறம் முதல் சம்பளம் வந்தது. எதிர்பார்த்ததில் ஒரு பெரிய துண்டைக் காணோம். சம்பளச் சீட்டைப் பார்த்தால் வரி வகுப்பு ஆறு என்று போட்டிருந்தது, இருப்பதிலேயே அதிக வரி பிடிப்பது அதுதான். காரணம், நான் வரி எண் கொடுக்கவில்லை. வரி எண் ஏன் வரவில்லை? முகவரியைப் பதிவு செய்தால் அது தானாகத் தபாலில் வரும். ஆனால் வீட்டுத் தபால் பெட்டியில் என் பெயர் ஒட்டவில்லை. இங்கே பெட்டியில் பெயர் இல்லையென்றால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பி எடுத்துப் போய்விடுவார். நம்ம ஊரில் தெரு முனையில் பெயர் சொன்னாலே கொண்டுவந்து கொடுக்கிற தபால்காரரைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது எப்படித் தெரியும்! வீடு கிடைத்த அன்றே ஒரு காகிதத்தில் பெயரை எழுதி ஒட்டுங்கள். பிடித்த வரி போய்விடாது, அடுத்த வருடம் வரிக் கணக்குத் தாக்கல் செய்து வாங்கிவிட்டேன். ஆனால் அந்த மாத வாடகைக்கு நண்பனிடம்தான் கை நீட்டினேன்.

வேலையில் சேர்ந்த அதே பிப்ரவரியில் பரீட்சை. வாரம் ஐந்து நாள் கிடங்கு, ஒரு பாடத்தில் தோற்றேன். இங்கே பல பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்புதான். மூன்றும் போனால் அந்தப் படிப்பே போய்விடும், விசாவும் அதோடு ஆடும். கிடங்கில் அந்த மாதம் சம்பாதித்த காசை விட ஒரு செமஸ்டர் நீண்டால் ஆகிற செலவு பல மடங்கு.

அதனால் என் யோசனை: முதல் ஆறு மாதத்தைப் பிளாக்டு அக்கவுண்ட்டில் (விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு, மாதாமாதம் ஒரு பங்கு மட்டும் எடுக்க முடிகிற கணக்கு) ஓட்டுங்கள். 2024 செப்டம்பரிலிருந்து அதில் வருடத்துக்கு 11,904 யூரோ போட வேண்டும், மாதம் 992 கைக்கு வரும். அது ஃபீஸ் அல்ல, உங்கள் சாப்பாட்டுப் பணம். சிலர் விசாவுக்குக் காட்டுவதற்காக அந்தப் பணத்தை வெளியில் வட்டிக்கு வாங்கி, இங்கே வந்ததும் மாதாமாதம் வருகிற 992-ஐ அப்படியே ஊருக்கு அனுப்பி அடைக்கிறார்கள். வயிற்றுக்கு என்ன செய்வது? கிடைத்த வேலைக்கு ஓடுவார்கள். அடுத்த வருடம் விசா நீட்டிப்புக்குப் போனால் "செலவுக்குப் பணம் எங்கே" என்று திரும்பவும் கேட்பார்கள். இந்தச் சுழலில் மாட்டியவர்கள் இரண்டு பேரை எனக்கு நேரிலேயே தெரியும்.

அந்த ஆறு மாதத்தில் ஜெர்மன் மொழியில் பி1 என்கிற நடுத்தர நிலை வரை வந்துவிடுங்கள். முடிந்தால் தர்மபுரியில் இருக்கும்போதே அதற்கு முந்தைய நிலையான ஏ2 முடித்துவிட்டு வாருங்கள், ஆன்லைனில் படிக்கலாம். மொழி வந்தால் வேலையின் தரமே மாறும். பேராசிரியரிடம் உதவியாளர் வேலை கிடைத்தால் இன்னும் நல்லது, அதை ஹிவி என்பார்கள். அது 140 நாள் கணக்கிலேயே சேராது. மூன்றாவது செமஸ்டரில் எனக்கு என் துறையிலேயே வெர்க்ஸ்டூடண்ட் வேலை, அதாவது படித்துக்கொண்டே நிறுவனத்தில் பார்க்கிற வேலை, கிடைத்தது. வாரம் இருபது மணி நேரம், உட்கார்ந்து பார்க்கிற வேலை. 2025-இல் பெங்களூரா மாங்காய் விலை விழுந்து, பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று அப்பா காயை மரத்திலேயே விட்டபோது, இரண்டு மாத வட்டியை இந்தச் சம்பளத்திலிருந்துதான் அனுப்பினேன். அசலை அப்போது தொட முடியவில்லை. படிப்பு முடிந்தபின் வேலை தேட 18 மாத விசா தருகிறார்கள். கடன் உண்மையில் அடைவது அதற்கப்புறம்தான்.

மினிஜாப் என்று ஒன்று உண்டு. 2026-இல் மாதம் 603 யூரோ வரை, அதாவது ஏறக்குறைய 43 மணி நேரம். பிளாக்டு அக்கவுண்ட் இருக்கும்போது கைச்செலவுக்கு இதுவே தாராளம்.

கையில் காசு தருகிறேன், பேப்பர் வேண்டாம் என்கிற இடத்துக்குப் போகாதீர்கள். நான் ஒரு உணவகச் சமையலறையில் பத்து நாள் பாத்திரம் கழுவினேன், கடைசியில் பாதிக் காசுதான் வந்தது. ஒப்பந்தம் இல்லாததால் யாரிடமும் போய்ச் சொல்ல முடியவில்லை. ஒப்பந்தம் இருந்தால் மினிஜாப்புக்குக்கூடச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, நான்கு வாரம் முடிந்தபின் காய்ச்சலில் படுத்தாலும் சம்பளம் உண்டு. அதேபோல் இன்னொருவர் ஐடியில் உணவு டெலிவரி ஓட்டாதீர்கள். மாணவர் விசாவில் தனியாக அனுமதி வாங்காமல் சுயதொழிலும் செய்யக் கூடாது.

வேறு நாட்டுக்குப் போகிறவர்களுக்கு எண்கள் மட்டும் மாறும். பிரிட்டனில் டிகிரி படிப்புக்கு வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி, கனடாவில் 24, ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48. ஃபீஸும் அங்கே பெரிது. மேலே போட்ட அதே கணக்கை உங்கள் எண்களை வைத்துப் போட்டுப் பாருங்கள்.

சில்லறை விஷயம் ஒன்று: வீட்டில் டிவி இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் கேட்டுக் கடிதம் வரும். மோசடி என்று கிழித்துப் போடாதீர்கள், கூட இருப்பவர்களோடு பங்கு போட்டுக் கட்டுங்கள். ராகி மாவு ஐந்து கிலோ எடுத்து வாருங்கள், குளிரில் களி கிண்டிச் சாப்பிட்டால் மதியம் வரை பசிக்காது. நெய் மட்டும் வேண்டாம், பால் பொருளை விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள்.

பாலக்கோட்டுத் தம்பி, அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால் உங்கள் ஆஃபர் லெட்டரில் ஃபீஸ் போட்டிருக்கிற பக்கத்தை எனக்கு அனுப்புங்கள். கன்சல்டன்சியில் அவசரப்படுத்தினால், அண்ணன் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார் என்று சொல்லுங்கள்.