நியூட்ரியண்ட் சென்சிங்: ‘ஊட்டமறிதல்’ என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

வெளியே எந்தச் சத்து எவ்வளவு இருக்கிறது என்று செல் கண்டுகொள்வதுதான் நியூட்ரியண்ட் சென்சிங். அதற்குத் தமிழ்ச் சொல்லாக நம் குழுவில் ஐயா ஒருவர் முன்வைத்த ‘சத்துணர்வு’ நாவில் எளிதாக வருகிறது. ஆனால் தண்டையார்பேட்டையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லித்தரும் எனக்கு அது சரிப்படாது. போர்டில் எழுதினால் பாதி வகுப்பு ‘சத்துணவு’ என்றுதான் படிக்கும். அப்புறம், ‘உணர்வு’ என்றதும் அவர்களுக்குப் பசியும் வலியும்தான் நினைவுக்கு வரும். உதாரணமாக, ஈஸ்ட் என்ற ஒற்றைச் செல் பூஞ்சையில் நடப்பது வேறு.

அதன் செல் சவ்வில் எஸ்என்எஃப்3, ஆர்ஜிடி2 என்று இரண்டு புரதங்கள் இருக்கின்றன. குளுக்கோஸை உள்ளே கொண்டுபோகும் கடத்திகளின் அதே சாயல், ஆனால் இவை சர்க்கரையைக் கடத்துவதில்லை. வெளியே குளுக்கோஸ் குறைவாக இருந்தால் முதலாவது கண்டுகொள்ளும். நிறைய இருந்தால் இரண்டாவது. செல்லுக்குள் நீண்டிருக்கும் வால்பகுதி வழியாகச் செய்தி போகும். அளவுக்கு ஏற்ற கடத்திகளை அதன்பிறகுதான் செல் தயாரிக்கும். இதை ‘அறிதல்’ என்பதே பொருத்தம். எனவே ‘ஊட்டமறிதல்’.

இன்னொரு வசதியும் உண்டு. இல்லாததையும் அறியலாம் அல்லவா? நைட்ரஜன் தீர்ந்துபோனால் செல்லின் வளர்ச்சியை முடுக்கும் டார்க்1 என்ற புரதக் கூட்டு அடங்கிவிடும். செல் தன் உறுப்புகளையே செரித்துப் பிழைக்கத் தொடங்கும். ஜப்பானிய அறிவியலாளர் யோஷினோரி ஒசுமி 1990களில் ஈஸ்டில் ஆராய்ந்து 2016இல் நோபல் பெற்றது இந்தத் தன்விழுங்கலுக்குத்தான் (ஆட்டோபேஜி).

பிள்ளைகளுக்குக் காட்ட ராயபுரம் பக்கத்து பேக்கரி மாவே போதும். சர்க்கரை சேர்க்காமல் பிசைந்த மைதாவில் ஈஸ்ட் முதலில் குளுக்கோஸ் போன்ற எளிய சர்க்கரைகளைத் தின்னும். குளுக்கோஸ் இருக்கும்வரை, மாவின் ஸ்டார்ச்சிலிருந்து வரும் மால்டோஸ் என்ற சர்க்கரையைப் பயன்படுத்துவதற்கான ஜீன்கள் அடங்கியே கிடக்கும். குளுக்கோஸ் தீர்ந்ததும் வாயு வருவது சற்று மந்தமாகும். ஜீன்கள் விழித்தபின் மறுபடி வேகமெடுக்கும். அந்த மந்தமான இடைவேளைதான் ஊட்டமறிதலின் நேரடிச் சாட்சி.

ரெஸ்பான்ஸுக்குத் தமிழில் என்ன என்று குழுவில் அம்மா ஒருவர் கேட்டிருந்தார். பள்ளிப் பாடநூலில் தூண்டலுக்கு இணையாகத் ‘துலங்கல்’ இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்வோம். சென்சருக்கு ‘உணரி’ மின்னணுவியலில் ஊறிப்போன சொல், கருவி என்றே எல்லோருக்கும் புரிகிறது. ‘ஊட்ட உணரி’ என்பதில் எனக்குத் தடையில்லை.

ஈஸ்டின் செல் சவ்வில் உள்ள கேப்1 போன்ற புரதத்துக்கு ஒரு சொல் மட்டும்தான் பாக்கி. அது அமினோ அமிலத்தைக் கடத்தவும் செய்கிறது, செய்தியும் சொல்கிறது. ‘கடத்துணரி’ என்று எழுதிப் பார்த்தேன். யாரிடமாவது இதைவிட நல்ல சொல் இருந்தால் தாருங்கள், அடுத்த வாரப் பாடக்குறிப்பில் சேர்த்துவிடுகிறேன்.