வி-கிராஸுக்கு ஜீரோ ஆஃப்செட் ரிம் போடலாமா?

பள்ளத்தூரான்: என் இசுசு வி-கிராஸ் பிக்கப் வண்டியின் ரிம் 18-க்கு 7.5 அங்குலம் (விட்டம், அகலம்), ஆஃப்செட் பிளஸ் 33 மி.மீ. (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, வண்டியோடு ஒட்டும் முகம் வெளிப்பக்கமாகத் தள்ளியிருக்கும் தூரம்). காரைக்குடியில் ஒரு செட் பார்த்திருக்கிறேன்: 18-க்கு 9, ஆஃப்செட் ஜீரோ. ஆறு நட்டு, பிசிடி (நட்டுகள் அமையும் வட்டத்தின் விட்டம்) 139.7 மி.மீ., அப்படியே ஏறுகிறது. பழைய வீட்டைப் புதுப்பிப்பதால் ஆத்தங்குடிக் கல்லும் அடிக்கடி ஏற்றுவேன். வாங்கலாமா?

டயர்பட்டறை: நட்டு உட்கார்ந்தால் மட்டும் போதாது தம்பி. அகலம் ஒன்றரை அங்குலம் கூடுகிறது. அதில் பாதி, 19 மி.மீ., வெளியே வரும். ஆஃப்செட் குறைவதால் இன்னொரு 33. ஆக ஒவ்வொரு பக்கமும் 52 மி.மீ. துருத்தும். செம்மண் கதவில் அடிப்பதைக் கழுவிக்கொள்ளலாம். ஆனால் கல் ஏற்றிய எடை அவ்வளவு தள்ளி நின்றால் பியரிங் சீக்கிரம் சத்தம் கொடுக்கும்.

செம்மண்சாலை: அண்ணே, சும்மா பயமுறுத்தாதீங்க. சக்கரம் விரிந்து நின்றால் வளைவில் வண்டி நிதானமாகப் போகும். உள்பக்கக் கணக்கையும் சொல்லுங்க: 33-இல் 19 போக, சஸ்பென்ஷனுக்கு 14 மி.மீ. கூடுதல் இடம். பெரிய டயருக்கு அது வேணும்.

டயர்பட்டறை: உள்ளே இடம் கிடைப்பது உண்மை. ஆனால் டயர் திரும்பும் வட்டம் பெரிதாகிறதே. ஸ்டியரிங்கை முழுசா ஒடித்தால் பம்பர் ஓரத்தில் உரசும். ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கினால் ஸ்டியரிங் கையை வெட்டி இழுக்கும்.

கானாடுகாத்தான்: நடு ஓட்டையை யாருமே பேசலையே? டொயோட்டா ஹைலக்ஸுக்கும் இதே 139.7 தான். ஆனால் அதன் ஹப் (ரிம்மின் நடு ஓட்டைக்குள் நுழையும் பகுதி) 106.1 மி.மீ., இசுசு 100.1. ஹைலக்ஸ் ரிம் இசுசுவில் ஏறும், சுற்றி 3 மி.மீ. இடைவெளியோடு. இசுசு ரிம் ஹைலக்ஸில் உட்காரவே உட்காராது. நீங்க பார்த்த ரிம்மின் ஓட்டை பெரிதாக இருந்தால், இடைவெளியை அடைக்கும் ஹப் ரிங் வாங்கிப் போடுங்க.

செம்மண்சாலை: கூம்பு நட்டு போட்டால் ரிம் தானாக மையத்துக்கு வந்துவிடும். ரிங் எதுக்கு?

கானாடுகாத்தான்: கூம்பு நட்டுக்குக் கூம்புக் குழி இருக்கிற ரிம் என்றால் சரி. பழைய நட்டு தட்டை வாஷர் வகையாக இருந்து, அதையே புது ரிம்மில் முடுக்கினால் பிடிமானமே இருக்காது. நட்டையும் சேர்த்து மாற்றணும்.

பள்ளத்தூரான்: அப்போ எதைத்தான் வாங்குவது?

டயர்பட்டறை: 8 அங்குலம், பிளஸ் 25. வெளியே 14 மி.மீ. மட்டும் வரும், பார்வைக்கும் நல்லா இருக்கும். ரிம்மின் பின்பக்கம் எத்தனை கிலோ தாங்கும் என்று பொறித்திருப்பார்கள். அது பின் அச்சு வரம்பில் பாதிக்குக் குறையக் கூடாது.

செம்மண்சாலை: அந்த கிலோ சரியாக இருந்தால் ஜீரோவும் ஓடும் என்பதுதான் என் கட்சி.

டயர்பட்டறை: அந்த எண் ரிம் உடையாது என்பதற்கு மட்டும்தான். பியரிங்குக்கும், முன்சக்கரம் திரும்ப உதவும் பால் ஜாயின்டுக்கும் அதில் பதில் இல்லை.

பள்ளத்தூரான்: சரி, கடைக்குப் போய் ரிம்மைத் திருப்பிப் பார்த்து, எண்ணைப் படம் எடுத்துப் போடுகிறேன்.