மறுமொழி: பயண இ-சிம் பக்கத்துக்கு ‘இணக்கம்’ வேண்டாம், ‘பொருத்தம்’ என்றே வைப்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

பயண இ-சிம் (அட்டை போடாமல், கைப்பேசிக்குள்ளேயே இருக்கும் சில்லில் ஏற்றிக்கொள்ளும் சிம்) பற்றிய பக்கத்துக்குத் தமிழ்ச் சொற்கள் தேடிக்கொண்டிருக்கிறோம். வாங்குபவரின் கைப்பேசி அதற்கு ஒத்துவருமா என்பதைக் குறிக்கும் ‘கம்பேட்டிபிலிட்டி’ பற்றி ஈப்போ நண்பர் நேற்று எழுதியது:

> கம்பேட்டிபிலிட்டிக்கு ‘இணக்கம்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. ‘இணக்கச் சரிபார்ப்பு’ என்று முடிவு செய்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம்.

இதற்கு என்னால் சரி சொல்ல முடியவில்லை. ஏன் என்று சொல்ல, போன மாதம் கோலாலம்பூர் விமான நிலையத்தின் (கேஎல்ஐஏ) இரண்டாம் முனையத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

செந்தூலில் இருக்கும் என் சித்தி திருச்சிக்குப் புறப்பட்டார். பெட்டியைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததும் கைப்பேசியை நீட்டி, “இந்தியாவுக்கு இ-சிம் வாங்கிட்டேன், கொஞ்சம் ஏத்திக் கொடுப்பா” என்றார். அமைப்புகளில் தேடினேன், இ-சிம் சேர்க்கும் இடமே இல்லை. *#06# அழுத்திப் பார்த்தேன். கைப்பேசியின் அடையாளமான பதினைந்து இலக்க ஐஎம்இஐ எண்கள் இரண்டு வந்தன. இ-சிம் சில்லு உள்ள கருவியாக இருந்தால் கூடவே அந்தச் சில்லின் அடையாளமான 32 இலக்க இஐடி எண் ஒன்றும் வர வேண்டும். வரவில்லை. சீனப் பெருநிலச் சந்தைக்காகச் செய்த கைப்பேசி அது, உறவினர் ஒருவர் வாங்கி வந்து கொடுத்தது. அட்டை போட இரண்டு இடம் இருந்தது, சில்லு இல்லை.

“வாங்கறதுக்கு முன்னாடி கேட்டிருப்பாங்களே சித்தி?”

“கேட்டாங்க. உங்கள் கருவி இணக்கமானதான்னு. நாலு வருஷமா ஒரு தொல்லை கொடுக்கல, இணக்கமாத்தானே இருக்கு? ஆமான்னு அமுக்கிட்டேன்.”

சித்தி தமிழை ஒழுங்காகத்தான் படித்திருக்கிறார். மாமியாரும் மருமகளும் இணக்கமாக இருக்கிறார்கள் என்கிறோம். கேட்டதற்கு இணங்கினான் என்கிறோம். அது மனம் சேர்வதைச் சொல்லும் சொல். ஒரு கருவியைப் பற்றி அப்படிக் கேட்டால், ‘ஒழுங்காக வேலை செய்கிறதா’ என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். போதாக்குறைக்கு, விதிகளுக்கு உட்பட்டு நடப்பதற்கும் அலுவலகங்களில் ‘இணக்கம்’ என்றே எழுதுகிறார்கள். ஒரே சொல்லின் தலையில் எத்தனை சுமையை ஏற்றுவது?

‘பொருத்தம்’ என்று கேட்டிருந்தால் சித்தி நின்று யோசித்திருப்பார். ‘எதுக்கும் எதுக்கும் பொருத்தம்?’ என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு ஜாதகம் இல்லாமல் பொருத்தம் பார்க்க முடியாது. பார்ப்பதும் காசு கைமாறுவதற்கு முன்னால்தான். நமக்கு வேண்டிய பொருள் அத்தனையும் அந்த வழக்கில் இருக்கிறது. மலாயிலும் இதே வழிதான்: நல்ல ஜோடியைச் ‘செராசி’ என்பார்கள், கருவிகளுக்கு வரும்போது அதே சொல்லிலிருந்து ‘கெசெராசியான்’ என்று எடுத்துக்கொண்டார்கள். யாரும் குழம்பவில்லை.

ஜாதகத்தில் பார்க்கும் பத்துப் பொருத்தத்தில் ரஜ்ஜு என்ற ஒன்று தட்டினால் மற்றதைப் பல வீடுகளில் பேசவே மாட்டார்கள். இங்கே ரஜ்ஜு, அந்தச் சில்லு. அது இல்லையென்றால் பேச்சு முடிந்தது. இதைக் ‘கருவிப் பொருத்தம்’ எனலாம். ஒரே பெயரில் விற்கும் கைப்பேசியிலும் எந்த நாட்டுச் சந்தைக்குச் செய்தது என்பதைப் பொறுத்து இது மாறும் என்பதால், மாடல் பெயரை மட்டும் பார்க்கச் சொல்வது போதாது. *#06# அழுத்தச் சொல்லும் வரியும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது ‘அலைவரிசைப் பொருத்தம்’: போகிற நாட்டு நிறுவனத்தின் அலைவரிசையைக் கைப்பேசி பிடிக்குமா என்பது. ‘அலைக்கற்றை’ வேண்டாம், அது ஏலம் விடுகிற மொத்தச் சரக்கு. வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு அலைவரிசை என்றால் தெரியும். சிற்றலை மட்டும் பிடிக்கும் பெட்டியில் எஃப்எம் வராது என்பதும் தெரியும். இந்தியாவின் ஜியோ நிறுவனத்தின் 4ஜி 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. அவர்களிடம் தொடக்கம் முதலே 2ஜி, 3ஜி கிடையாது. அந்த வரிசைகளைப் பிடிக்காத கைப்பேசி ஜியோ வழியாக வரும் இணைப்பில் ஒதுங்க இடமில்லாமல் நிற்கும். தமிழ்நாட்டிலிருந்து இங்கே வருகிறவர்களுக்கும் இது உண்டு: மலேசியாவில் 3ஜியை 2021 இறுதியோடு மூடிவிட்டார்கள்.

பினாங்கு ஆசிரியை ஒரு நல்ல கேள்வி கேட்டிருந்தார்:

> ‘பொருத்தம்’ என்றால் ‘பொருத்துதல்’ நினைவுக்கு வராதா? இன்ஸ்டால் செய்வதோடு குழம்பும்.

வரும். அதனால் பக்கம் முழுக்கப் ‘பொருத்து’ என்ற வினையைத் தொடவே வேண்டாம். ஏற்றுவதற்கு ‘நிறுவு’ இருக்கிறது. ‘பொருந்தும்’, ‘பொருந்தாது’ இரண்டையும் விடையாக வைப்போம். பொத்தானில் ‘பொருத்தம் பார்’. ‘இணக்கமற்றது’ என்று எழுதுவதைவிடப் ‘பொருந்தாது’ எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது, பாருங்கள்.

அப்புறம், இ-சிம்முக்கே ‘மின்சிம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘மின்’ என்று நாம் மாற்றும் இ-மெயிலில் உள்ள ‘இ’ வேறு, இந்த ‘இ’ வேறு. இது பதித்தது என்று பொருள்படும் ‘எம்பெடட்’. தோட்டில் கல் பதிப்பதுபோலக் கைப்பேசியின் பலகையில் பதித்த சில்லு. ஆகவே அதற்குப் ‘பதிசிம்’ என்பது என் விருப்பம். ஆனால் பயணிகள் காசு கொடுத்து வாங்குவது அந்தச் சில்லை அல்ல, கியூஆர் குறியை ஸ்கேன் செய்து அதற்குள் இறக்கும் தரவுக்கோப்பை. அதைப் ‘பயண இணைப்பு’ எனலாம். ‘பயண எண்’ கூடாது. பெரும்பாலானவற்றில் இணையம் மட்டும்தான் வரும், அழைக்க எண் வராது. வங்கிக் குறுஞ்செய்திக்கு நம் பழைய லைன் (வழக்கமான எண்ணின் இணைப்பு) உயிரோடு இருக்க வேண்டும் என்பதை அங்கேயே ஒரு வரியில் சொல்லிவிடுவோம்.

மிச்சம் இருப்பது பூட்டு. தவணைத் திட்டத்தில் கொடுத்த நிறுவனத்தின் லைனைத் தவிர வேறு எதையும் ஏற்காத கைப்பேசிகள் உண்டு. இதைப் பொருத்தத்தில் சேர்க்க எனக்கு மனமில்லை. சில்லும் அலைவரிசையும் கருவியோடு பிறந்தவை, பூட்டைத் திறந்துவிடலாம். ‘நிறுவனப் பூட்டு’ என்று எழுதிப் பார்த்தேன். ‘நிறுவு’ பக்கத்திலேயே இருப்பதால் இடிக்கிறது. ‘லைன் பூட்டு’ என்று பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் சொன்னால் உடனே புரியும், ஆனால் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு எப்படிக் கேட்கும்? அங்கிருந்து எழுதுகிறவர்கள் சொல்லுங்கள்.