சாயல்குடிக்கு முன்னால் ஒரு ஊத்து

போன வைகாசியில் தொண்டியிலிருந்து தூத்துக்குடிக்கு ஸ்கூட்டரில் தனியாகப் போனேன். அக்கா வீட்டு விசேஷம். பஸ்ஸிலேயே போயிருக்கலாம், ஆனால் அப்பா லாரி ஓட்டிய காலத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பற்றிச் சொன்னதெல்லாம் மனதிலேயே கிடந்தது. ஒருநாளாவது அதை நானே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

விடியுமுன் கிளம்பினேன். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் 9 கல்லையும் கும்பிட்டேன். இராமநாதபுரத்தில் இட்லி. கீழக்கரை, ஏர்வாடி வரைக்கும் ஆள் நடமாட்டத்துக்குக் குறைவில்லை. அதற்கப்புறம்தான் பொட்டல். இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம், அதற்கு மேல் தலை நீட்டும் பனை, அங்கங்கே கரிமூட்டப் புகை. வாலிநோக்கம் விலக்கில் திரும்பி உப்பளத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். தமிழ்நாடு உப்பு நிறுவனம் 1974-ல் தொடங்கியது. அதன் பாத்திகள் அங்கேதான் இருக்கின்றன. வெள்ளை அம்பாரத்தில் வெயில் பட்டுக் கண்ணைத் திறக்க முடியவில்லை. கொண்டுபோன 2 லிட்டர் தண்ணீரும் அங்கேயே தீர்ந்துபோனது.

மறுபடி மெயின் ரோட்டுக்கு வந்து சாயல்குடிப் பக்கம் போகும்போது, நிழலுக்காக ஒரு கருவேல மரத்தடியில் ஒதுங்கினேன். அந்த மரத்தடியில் வண்டியை நிறுத்தக்கூடாது என்று அப்பா சொன்னது அப்போது ஞாபகம் வரவில்லை. கிளப்பியபோது பின்சக்கரம் தரையோடு கிடந்தது. விரல் நீள முள்.

தள்ளிக்கொண்டே நடந்தேன். மணி 12 இருக்கும். அரை மணி நேரத்தில் மூன்று வண்டிதான் போயிருக்கும், ஒன்றும் நிற்கவில்லை. அப்போதுதான் ரோட்டோரம் தண்ணீர்த் தள்ளுவண்டி ஒன்று கண்ணில் பட்டது. நாலு சின்னச் சக்கரம், குடம் உட்கார வட்ட வட்டமாகக் கம்பி. பக்கத்திலேயே ஓர் அப்பத்தா, எழுபது வயதிருக்கும்.

“ஒத்தையிலயா வந்த தாயி?”

“ஆமா அப்பத்தா. குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?”

அடுத்த கேள்வி கேட்கவில்லை. குடத்தைச் சாய்த்துச் சொம்பு நிறையக் கொடுத்தார். பாதியைக் குடித்தேன். மீதியில் முகம் கழுவி, காலிலும் ஊற்றிக்கொண்டேன். இரண்டாவது சொம்பும் கொடுத்தார். அதையும் அப்படியேதான் செய்தேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “நல்லாக் கழுவு, வெக்கை”ன்னார்.

பிறகு காலிக் குடத்தோடு மணல்மேட்டுப் பக்கம் போனார். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். ஆள் உயரத்துக்கு ஒரு குழி. அடியில் உள்ளங்கை அகலத்துக்குத் தண்ணீர் கசிந்து நின்றது. இறங்கிக் குத்தவைத்து, சிரட்டையால் வழித்து வழித்துக் குடத்தில் ஊற்றினார். நாலு சிரட்டை எடுத்தால் குழி வற்றிவிடும். ஊறும்வரை காத்திருக்க வேண்டும்.

நான் காலில் ஊற்றியது இந்தத் தண்ணீரைத்தான். அந்த நிமிஷம் எனக்கு வந்த கூச்சம் இன்னும் போகவில்லை.

“நான் இறங்குறேன் அப்பத்தா” என்று கெஞ்சித்தான் உள்ளே போனேன். கலங்காமல் எடுக்கவே எனக்கு வெகுநேரம் வரவில்லை. அவசரத்தில் அடியைக் கிளறினேன். மேலிருந்து சத்தம் போட்டார்: “தோண்டாத தாயி, உப்பு ஏறிரும்!”

மணல் குடித்த மழைத்தண்ணீர், கனமான உப்புத்தண்ணீருக்கு மேல் ஏடு மாதிரி நிற்கிறது. ஏட்டை வழித்தால் குடிதண்ணீர். ஆழம் போனால் கடல். இந்தக் கணக்கைப் பள்ளிக்கூடம் போகாத அந்த அம்மா கையளவில் வைத்திருந்தார். ஐப்பசி மழை சரியாக விழுந்தால் சித்திரை வரை சிரமமில்லையாம். போன வருஷம் சரியில்லை என்றார். குழாய் இருக்கிறது, தண்ணீர் வரும் நாள்தான் நிச்சயமில்லை என்றும் சொன்னார். குடிப்பதற்கு எப்போதும் ஊத்துத் தண்ணீர்தான்.

நான் ஊற்றித் தீர்த்த அளவை நிரப்ப முக்கால் மணி நேரம் ஆனது. தொடை நடுங்கியது. அவர் தினமும் மூன்று குடம் எடுக்கிறார்.

கரிமூட்டை ஏற்றிய லோடு ஆட்டோவை அவரே கைகாட்டி நிறுத்தினார். “எம்பேத்தி மாதிரி, சாயல்குடில எறக்கி விடுப்பா.” ஓட்டிய தம்பி மூட்டைகளுக்கு நடுவே ஸ்கூட்டரைக் கட்டினார். பஞ்சர் கடையில் இறக்கிவிட்டபோது, பணத்தைக் கையில் திணித்தும் வாங்கவில்லை. ஆட்டோவில் ஏறும் முன்பு, அப்பத்தாவுக்குப் பணம் கொடுக்க எனக்கு மனம் துணியவில்லை. பையிலிருந்த மிக்சர் பொட்டலத்தையும் நாலு ஆரஞ்சையும் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். பதிலுக்கு என் காலிப் பாட்டிலைப் பிடுங்கி, குடத்திலிருந்து நிரப்பி, முந்தானையால் துடைத்துக் கொடுத்தார்.

சாயல்குடியில் கடைத்தண்ணீர் வாங்கித்தான் குடித்தேன். அப்பத்தா கொடுத்த பாட்டிலைத் திறக்க மனசு வரவில்லை. வேம்பார் தாண்டி, குளத்தூர் தாண்டி, இருட்டும் நேரத்துக்குத் தூத்துக்குடி சேர்ந்தேன். நான் குளித்துவிட்டு வருவதற்குள் அக்கா அந்தப் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டாள்.

“எந்த ஊர்த் தண்ணிடி இது? இப்படி இனிக்குது!”